அம்மா கையில் அப்பாவின் நம்பர்

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகன் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அத்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே எல்லாருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. நன்றாக இருப்பது அது ஒன்றுதான்.

கையில் போனை வைத்துக்கொண்டு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் எந்த நம்பருக்குப் பேசினாலும் யார் எடுப்பார்கள் என்று இப்போது எனக்கே நிச்சயமில்லை. மெசேஜாக அனுப்பினாலோ, உங்கள் போனை உங்களுக்கு முன்னால் பார்ப்பது அத்தை. அதனால்தான் உங்கள் ஆபீஸ் முகவரிக்குத் தபால். பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்க்காத நேரமாகப் பார்த்துப் படியுங்கள். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

‘சிக்னல் இன்ஜினியர்னு பேரு, பெத்த அப்பனுக்கு ஒரு போன் பாத்து வாங்கித் தரத் துப்பில்லையா’ என்று மெசேஜில் கேட்டிருந்தீர்கள். எனக்கு வேலை, டவரில் இருக்கும் ஆன்டெனா எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கணக்குப் போடுவது. அதற்கும் கடையில் போன் வாங்குவதற்கும் உள்ள சம்பந்தம், ரோடு போடுகிறவருக்கும் செருப்புக் கடைக்கும் உள்ள சம்பந்தம். இதை நம் குடும்பத்தில் யாருக்கும் புரியவைக்க என்னால் முடியவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் தொழில் நம்பர் இப்போது அம்மாவின் போனில் இருக்கிறது. அம்மா அந்தப் போனைத் தர மாட்டேன் என்கிறார். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் எல்லாவற்றையும் கடையில் திருப்பிக் கொடுத்தால் தப்பித்தோம். இல்லையென்றால் ரெண்டு வருஷத்துக்கு இதே கதிதான், அப்பா தொழிலை மறந்துவிட வேண்டியதுதான். நீங்கள் உங்கள் அக்காவிடம் பேச வேண்டும். தம்பி சொன்னால் தட்ட மாட்டார். இவ்வளவுதான் நான் கேட்பது. எப்படி இப்படி ஆச்சு என்று நீங்கள் கேட்பீர்கள் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். நடுவில் குறுக்கே பேச முடியாது என்பது கடிதத்தில் எனக்குப் பிடித்த வசதி.

அப்பாவின் நம்பர் என்றால் சும்மா நம்பர் இல்லை என்று உங்களுக்கே தெரியும். எங்கள் பக்கத்தில் ஃப்ரிட்ஜோ வாஷிங் மெஷினோ வைத்திருக்கிற வீடுகளில் பாதிக்கு மேல், ரிப்பேருக்குக் கூப்பிட என்று அதன் பக்கவாட்டில் அந்த நம்பர் ஒட்டியிருக்கும். அப்பாவின் பேர் தெரியாதவர்கள்கூட நம்பரை மனப்பாடமாகச் சொல்வார்கள். அப்பாவின் பழைய போன் முதுகு பிளந்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, பேட்டரி உப்பி, கடைசியில் ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போதே சுவிட்ச் ஆஃப் ஆகிவிட்டது. அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருந்தவர் அப்பா கோபத்தில் வைத்துவிட்டார் என்று நினைத்துப் புதிதாக வந்த சர்வீஸ் சென்டருக்குப் போய்விட்டார். அன்றைக்குத்தான் அப்பா என்னைக் கூப்பிட்டு, “டேய், எனக்கு ஒரு போன் வேணும். நம்பர் மட்டும் மாறக் கூடாது” என்றார். எனக்கு இட்ட கட்டளை அது ஒன்றுதான். ஒரே ஒரு கட்டளை!

நான் ஆபீஸில் லீவு போட்டுவிட்டு மூன்று கம்பெனிகளின் ஒப்பந்தத்தையும் அலசினேன். ஒன்றில் இன்டர்நெட் கடல் மாதிரி தருகிறான், அப்பாவுக்கு அதில் காலை நனைக்கக்கூடத் தேவையில்லை. இன்னொன்றில் படம் பார்க்கலாம், பாட்டு கேட்கலாம், பேசுவது மட்டும் கஷ்டம். மூன்றாவதில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். அப்பா கேட்டார், “நான் பேசறதே கம்மி. பேசாததுக்கு ஏதாவது குறைச்சுக்குவானா?” நான் சொன்னேன், அப்படியெல்லாம் ஒப்பந்தம் கிடையாது என்று. “அப்ப பேசாதவனுக்கு இந்த உலகத்துல என்னதான் மரியாதை?” என்றார். கடைசியில் நான்தான் ஒரு ஜோடித் திட்டத்தைக் கண்டுபிடித்தேன். ரெண்டு லைன் சேர்த்து எடுத்தால் ரெண்டாவது போன் கிட்டத்தட்ட சும்மா மாதிரி, ரெண்டு வருஷம் கட்டிப்போடுவார்கள், அவ்வளவுதான். அம்மா போனும் பழசுதான். எனவே ரெண்டு பேருக்கும் சேர்த்து முடித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். என் முடிவுகளில் பாராட்டுக்குரியது இதோடு முடிகிறது.

கடைக்கு மூவரும் போனோம். விற்பனைக்கு நின்ற பையன் பளிச்சென்று ஒரு போனை எடுத்து நீட்டினான். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பின்பக்கம் கழட்டிக் காட்டுங்க தம்பி” என்றார்.

“கழட்ட முடியாது சார். ஒட்டிட்டாங்க.”

“ஒட்டிட்டாங்கன்னா? ரிப்பேர் ஆச்சுன்னா?”

“புதுசு வாங்கிக்கலாம் சார்.”

மாமா, அந்தப் பையனுக்குத் தான் யாரிடம் என்ன சொல்லிவிட்டோம் என்று தெரியாது. முப்பது வருஷமாக மற்றவர்கள் தூக்கிப்போடச் சொன்ன மெஷினையெல்லாம் ஓட வைத்துக்கொண்டிருக்கிறவர் முகத்தைப் பார்த்து ‘புதுசு வாங்கிக்கலாம்’ என்கிறான். அப்பா கோபப்படவில்லை. “கழட்ட முடியாத சாமானை நான் வீட்டுக்குள்ள விடறதில்ல” என்று சொல்லிவிட்டு அடுத்த அலமாரிக்குப் போனார். அதற்கப்புறம் கடையில் இருந்த ஒவ்வொரு போனையும் கவிழ்த்துப் பார்த்தார். பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளை வீட்டாரைக்கூட இப்படி விசாரிப்பதில்லை. கடைசியில் ஒரு மூலையில், கட்டட வேலைக்காரர்களுக்கு என்று செய்த ஒரு முரட்டு போன் இருந்தது. செங்கல் கனம், மேலே டார்ச், நாலு மூலையிலும் ஸ்குரூ. அப்பா முகம் மலர்ந்துவிட்டது. “ஸ்குரூவை மறைக்காம வெளிய வெச்சிருக்கான் பாரு. இதைப் பண்ணினவன் யோக்கியன்டா.” ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கையை விடும்போது டார்ச் உதவும், கிரீஸ் கையால் பிடித்தாலும் நழுவாது என்று அவரே எனக்கு விற்பனை செய்ய ஆரம்பித்துவிட்டார்.

இந்தப் பக்கம் அம்மா “எனக்கு எதுக்குடா போன், இருக்கறதே போதும்” என்று சொல்லிக்கொண்டே, வந்ததிலிருந்து ஒரு பெரிய அகலமான போனைக் கீழே வைக்கவே இல்லை. கண்ணாடி போடாமலே எழுத்து தெரிகிறதாம். “சும்மா பாத்தேன்” என்றார். பில் போடும்போது பையனிடம் போனைக் கொடுக்க வேண்டியிருந்தது. மனசில்லாமல் கொடுத்துவிட்டு, அவன் திருப்பித் தருகிற வரைக்கும் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நானே உட்கார்ந்து பதிவு செய்தேன். முரட்டு போன் அப்பா பேரில், அகல போன் அம்மா பேரில். ‘பழைய நம்பரே தொடரட்டுமா’ என்று கேட்டது. ஆமாம் என்றேன். இதில் எங்கே தப்பு என்று நீங்களே சொல்லுங்கள். தப்பு எங்கே தெரியுமா? அப்பா முதன்முதலில் போன் வாங்கப் போன அன்று அடையாள அட்டையை வீட்டிலேயே மறந்துவிட்டாராம். கூடப் போன அம்மாவின் பையில் அம்மாவின் அட்டை இருந்திருக்கிறது. “உன் பேர்லதான் இருக்கட்டுமே, இப்ப என்ன” என்று வாங்கிவிட்டார்கள். அப்புறம் அம்மாவுக்கு வாங்கும்போது அம்மாவுக்கு வேலை. அப்பா தனியாகப் போய்த் தன் அட்டையைக் காட்டி வாங்கி வந்திருக்கிறார். ஆக, அப்பாவின் நம்பர் அம்மா பேரில், அம்மாவின் நம்பர் அப்பா பேரில். இத்தனை வருஷமாக இது யாரையும் கடிக்கவில்லை. கம்பெனியின் கம்ப்யூட்டர் ரொம்ப ஒழுங்காக, அப்பா பேரில் இருந்த நம்பரை அப்பா போனிலும், அம்மா பேரில் இருந்ததை அம்மா போனிலும் போட்டுவிட்டது. சிம் அட்டையைப் பிடுங்கி மாற்றலாம் என்றால் அட்டையே கிடையாது. போனுக்குள்ளேயே பதித்துவிட்டார்கள். ‘இது தொலையாது’ என்று அந்த வசதியைச் சிபாரிசு செய்ததும் அடியேன்தான்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். “ஒப்பந்தம் முடியற வரைக்கும் பேர் மாத்த முடியாது சார். இல்லன்னா திருப்பித் தர்ற கெடு முடியறதுக்குள்ள ரெண்டு செட்டையும் குடுத்துட்டு முதல்ல இருந்து வாங்க” என்றாள் போனை எடுத்த பெண். தொழில்நுட்பப்படி இது ஒரு நிமிஷ வேலை. கம்பெனி விதிப்படி ரெண்டு வருஷ வேலை. நான் கத்தினேன். அவள் எனக்குப் பாட்டுப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

‘போனை மாத்திக்கிட்டா முடிஞ்சது, இதுக்கு ஏண்டா இவ்வளவு’ என்று நீங்கள் இப்போது சொல்லியிருப்பீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன். அப்பா அகல போனை எடுத்துக்கொண்டு ஒருநாள் வேலைக்குப் போனார். சட்டைப் பையில் அது பாதிதான் நுழைந்தது. வாஷிங் மெஷினுக்குப் பின்னால் குனிந்தபோது மீதிப் பாதியின் கனத்தில் சோப்புத் தண்ணீரில் விழுந்தது. சாயங்காலம் கிரீஸும் நுரையுமாக வந்த போனை அம்மா முந்தானையால் துடைத்தார். குழந்தையைத் துடைக்கிற மாதிரி துடைத்தார். “இனிமே இதை நான் தர மாட்டேன்” என்றார். அப்பா, “அதுல இருக்கறது என் நம்பர்” என்றார். “நம்பர் உங்களுது, போன் என்னுது. நம்பரை மட்டும் எடுத்துக்கிட்டுப் போங்க, யார் வேண்டாம்னா?” மாமா, நான் படித்த எந்தப் பாடத்திலும் இதற்கு வழி இல்லை.

அம்மாவும் செங்கல் போனை வைத்துக்கொள்ள மாட்டார், காது வலிக்கிறதாம். ஆக மணி அடித்தால் அம்மாதான் எடுக்க வேண்டும். முதல் ரெண்டு நாள் “அவர் வந்ததும் சொல்றேன்” என்று மட்டும் சொன்னார். மூன்றாம் நாள் நான் கேட்டது இது. நான் பக்கத்து அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன், ஒட்டுக்கேட்கவில்லை, அம்மாவுக்குப் போனில் மெதுவாகப் பேசத் தெரியாது.

“ஃப்ரிட்ஜ் குளிரலையா? சுவத்தோட ஒட்டி வெச்சிருக்கியாம்மா?... ஒரு சாண் முன்னாடி இழு. மேல என்ன வெச்சிருக்க?... அட்டைப்பெட்டியா? ஏம்மா, அது மூச்சு விட வேண்டாமா? எடு அதை. நாளைக்கும் குளிரலைன்னா கூப்பிடு.”

மறுநாள் அந்தப் பெண் கூப்பிட்டு, ஃப்ரிட்ஜ் ஜோராகக் குளிர்கிறது என்று நன்றி சொன்னாள். அப்பாவுக்கு ஒரு வேலை போச்சு. இப்படியே கடகடவென்று சத்தம் போட்ட மெஷினில் பையன் கால்சட்டைப் பையிலிருந்த கோலிக்குண்டு, திறக்காத கதவில் சிக்கிய துப்பட்டா, ஓடாத ஃப்ரிட்ஜில் சொருகாத பிளக். எல்லாம் அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே முடித்தார். எங்கே படித்தார் என்று கேட்காதீர்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து சாப்பிடும்போது அப்பா புலம்புகிற ஒரே விஷயம், ஜனங்களுக்கு மெஷினை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்பதுதான். அம்மா ‘ம்’ போட்டுக்கொண்டிருந்தார் என்று நினைத்தோம். பாடம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

அப்பா கொதித்துப் போனார். “இவ என் தொழிலைப் போன்லயே முடிச்சிடுவா போலிருக்கேடா! பிளக் சொருகப் போனாலும் அது ஒரு வேலைதானே?”

“பிளக் சொருக நீங்க மூணு மாடி ஏறணுமா? முட்டி வலின்னு ராத்திரி முனகறது யாரு?” என்றார் அம்மா.

“அது என் முட்டி!”

“முட்டி உங்களுது, எண்ணெய் தேய்க்கறது யாரு?”

அதோடு நிற்கவில்லை. எந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்பதும் அம்மா கைக்கு வந்துவிட்டது. பக்கத்துத் தெரு என்று அப்பா கிளம்பினால், “அங்க ஃப்ரிட்ஜ்ல லைட்டுதான் எரியல, இருட்டுல எடுத்துத் திங்கட்டும். மேல்மாடி வீட்டுக்குப் போங்க, கைக்குழந்தை இருக்கு, துணி மலையா கிடக்காம்” என்கிறார். அப்பா பையைத் தூக்கிக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டே மேல்மாடிக்குத்தான் போகிறார். போன வாரம் ஒரு பேங்க் மேனேஜர் வீட்டிலிருந்து ஏசிக்குக் கூப்பிட்டார்கள். பெரிய வேலை. அம்மா, “அவர் உங்க வீட்டுக்கு வர மாட்டாருங்க. போன தடவை வாசல்லயே ரொம்ப நேரம் நிக்க வெச்சீங்க” என்று சொல்லி வைத்துவிட்டார். நான் அதிர்ந்துபோய் அப்பாவைப் பார்த்தேன். அப்பா அப்போது வாசலில் உட்கார்ந்து ஒரு மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். அவருக்கும் உள்ளே எரிந்திருக்கும். கையில் இருந்த வேலையைத் துரத்தினால் யாருக்குத்தான் எரியாது?

இனி அப்பாவின் செங்கல் போனுக்கு வருவோம். அதில்தான் அம்மாவின் நம்பர். மெஷினுக்கு அடியில் படுத்துக்கொண்டிருக்கும்போது சித்தி கூப்பிடுகிறார். மருமகள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று அழுகிறார். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எப்ப இருந்து இப்படி? கல்யாணம் ஆன புதுசுல நல்லாத்தானே ஓடுச்சு? நடுவுல யாராவது கை வெச்சாங்களா?” என்று விசாரித்திருக்கிறார். சித்தி, “நான்தான் மாமா” என்றாராம். “அப்ப கையை எடு” என்று சொல்லி வைத்துவிட்டார். சித்தி இப்போது ரொம்பத் தெளிவாக இருப்பதாகக் கேள்வி.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிட்டீர்கள். நீங்கள் வழக்கம்போல் ஹலோ சொல்லக்கூடப் பொறுக்காமல், “அக்கா, நான்தான், முழுசாக் கேளு” என்று ஆரம்பித்துவிட்டீர்கள். அப்பா நடுவில் பேசினால் மரியாதையாக இருக்காது என்று முழுசாகக் கேட்டுவிட்டு, கடைசியில்தான் தான் யார் என்று சொல்லியிருக்கிறார். மத்தியானம் ஆபீஸில் போனை டிராயருக்குள் போட்டுப் பூட்டிவிட்டு நீங்கள் தூங்குவதும், அத்தையிடம் ‘ஆபீஸ்ல சிக்னலே கிடைக்கறதில்ல’ என்று சொல்லி வைத்திருப்பதும் அப்பாவுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரிந்ததால் அம்மாவுக்குத் தெரியும். அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும், அது வேறு. நீங்கள் கோபப்பட்டு எனக்கு அந்த மெசேஜ் அனுப்பியதன் காரணம் இப்போது எனக்கும் தெரியும்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. போன மாதமே அத்தை என்னைக் கூப்பிட்டு, “உங்க மாமா ஆபீஸ்ல சிக்னல் வரலையாம்டா, நல்ல கம்பெனியா, நல்ல போனா பாத்துச் சொல்லு” என்று கேட்டிருக்கிறார். மாமா, உங்கள் ஆபீஸ் மொட்டைமாடிக்கு எதிரில் நிற்கிற டவரில் ஆன்டெனாவைத் திருப்பி வைத்ததே எங்கள் குழுதான். உங்கள் மேஜையில் வருகிற சிக்னலுக்கு டிராயர் என்ன, இரும்புப் பீரோவுக்குள் வைத்தாலும் மணி அடிக்கும். ஆனால் நான் இன்னும் அத்தைக்குப் பதில் சொல்லவில்லை. நீங்கள் உங்கள் அக்காவிடம் பேசி, வெள்ளிக்கிழமைக்குள் அந்த அகல போனைத் திருப்பித் தர வைத்தால், ‘அந்தக் கட்டடத்தோட சுவர் அப்படி, எந்தக் கம்பெனி போட்டாலும் எடுக்காது’ என்று ஒரு இன்ஜினியராக எழுதிக்கூடக் கொடுக்கிறேன். இல்லையென்றால் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும். மிரட்டுகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சுருக்கமாகச் சொன்னால் மிரட்டல்தான்.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை மாமா. ஒரு மனுஷன் தன் கையால் வளர்த்த தொழிலில், அவருக்கு வருகிற போனை அவரால் எடுக்க முடியவில்லை. வீட்டில் மணி அடித்தால் அப்பாவின் கை அவரை அறியாமல் சட்டைப் பைக்குப் போகிறது. அங்கே செங்கல் சும்மா இருக்கிறது. கையை மெதுவாகக் கீழே விடுகிறார். அதை என்னால் பார்க்க முடியவில்லை. தப்பு நடந்தது என் விரலால். நானே சரிசெய்கிறேன். ரெண்டு போனின் பெட்டிகளையும் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் அக்கா சரி என்றால் போதும்.

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், இந்தக் கடிதத்தைச் சொல்ல வேண்டாம். பிள்ளைகளுக்கு என் அன்பு. உங்கள் மத்தியானங்கள் அமைதியாகக் கழிய வேண்டும் என்று மனமார விரும்பும்,

உங்கள் அக்கா மகன்

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டாச்சு, ஒட்டுவதற்குள் பிரிக்க வேண்டியதாகிவிட்டது. மாமா, தயவுசெய்து அம்மாவிடம் எதுவும் பேசாதீர்கள். அத்தைகிட்ட நான் எதுவும் சொல்ல மாட்டேன், அந்த மிரட்டலையும் வாபஸ் வாங்கிக்கறேன். நடந்தது இதுதான். இன்னிக்குக் காலைல அம்மா போனை மேஜையிலயே வெச்சிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாங்க. மணி அடிச்சுது. அப்பா ஓடிப்போய் எடுத்தார். தொண்டையைச் செருமிட்டு, கம்பீரமா “சொல்லுங்க” என்றார். அந்தப் பக்கம் ஒரு குரல், “அக்கா இல்லைங்களா?” என்றது. “நான் மெக்கானிக்தான் பேசறேன், என்ன ரிப்பேர்?” “தெரியும் சார். பரவால்ல, அக்கா வந்ததும் பேசிக்கறேன்” என்று வைத்துவிட்டார்கள். அப்பா அந்த அகல போனைக் காதிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தார். போனைத் தூக்கி எறியப் போறார்னு நினைச்சேன். சட்டை நுனியால அதைத் துடைச்சு, சார்ஜில் போட்டுட்டு, என் பக்கத்துல வந்து உட்கார்ந்தார். “அந்த மேனேஜர் வீட்டுக்கு நானா இருந்தா போயிருப்பேன்டா. வாசல்லதான் நின்னிருப்பேன்” என்றார். அப்புறம், “பெட்டியெல்லாம் எடுத்துப் பரண்ல போடு. எதையும் திருப்பிக் குடுக்க வேண்டாம்” என்றார். எழுந்து போனவர் நிலைப்படியில் நின்று, குரலைத் தாழ்த்தி, “ஒண்ணு மட்டும் பண்ணு. ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு உண்டான்னு உங்கம்மாகிட்ட நீயே கேட்டுச் சொல்லு. நான் கேட்டா மேல்மாடிக்கு அனுப்பிடுவா” என்றார். கேட்டேன். மத்தியானத்துக்கு மேல பாக்கலாமாம்.